ரப்பர் மெஷினில் நொறுக்கிய பார்லி

ஃபிட்டரே,

இன்று காலை பழைய இரும்பு வாங்குகிறவன் லோரியோடு நம் தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்கு வந்தான். என் வீட்டுப் பின்பக்கம், கோழிக்கூட்டுக்கு அருகில் சாக்குப் போட்டு மூடியிருந்த உன் மெஷினைப் பார்த்துவிட்டான். "நல்ல கனமா இருக்கு லா அங்கிள். சும்மாதான கெடக்கு, குடுத்துடுறீங்களா?" என்றான். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

அவன் போனபின் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினேன். முனகியது. சட்டத்தின் இடுக்கிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு ஓர் உமி விழுந்தது. உன் வீட்டில் பல வருஷம் இதில் கோழிக்குச் சோளம் நொறுக்கினார்கள். சோளத்துக்கு இப்படி உமி கிடையாது. இது அந்தக் கல்யாணத்துப் பார்லியின் உமிதான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. இப்போதெல்லாம் உட்காருவதும் ஒரு வேலை, எழுவதும் ஒரு வேலை.

நான் எழுதக் கற்றுக்கொண்டது உனக்குத் தெரியாது. நீ போன பிறகுதான். தானா ராத்தா டவுனில், வேலை ஓய்ந்த நர்சம்மா ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைப் போன்ற கிழடுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு 'ழ' எழுதி முடிப்பதற்குள் என் விரல் ஓய்ந்துவிடுகிறது. ஆனாலும் இந்தப் பக்கத்தில் எழுதிய 'ழ' எல்லாம் அழகாகவே வந்திருக்கின்றன. இரண்டு தடவை எண்ணெய் விளக்கில் காட்டிப் பார்த்தேன். நர்சம்மாவுக்கு ஒரே ஒரு குறை. "சொல்லுக்குச் சொல் எடம் விடுங்க ஐயா, எல்லாம் ஒட்டிக்கிட்டு நிக்குது" என்கிறார். அப்போதெல்லாம் உன் பேச்சுதான் ஞாபகம் வரும். "உருளை ஒன்னும் பெருசில்லடா. நடுவுல விடுற சந்துதான் மெஷினு."

அந்தச் சந்துக்காக நாம் பட்ட பாட்டை யாரும் நம்பமாட்டார்கள்.

உன் மகள் கல்யாணம் நிச்சயமான வருஷம். மாப்பிள்ளை வீடு திரிங்காப். சம்பந்தி காய்கறி லோரி ஓட்டுகிறவர், வாய் பெரியது, மனசும் பெரியது. நிச்சயத்தன்றே சொல்லிவிட்டார்: "ஆம்பளைங்களுக்கு ஒன்னும் ஊத்தலன்னா என் சொந்தக்காரன் ஒருத்தனும் பந்தியில உக்கார மாட்டான் சம்பந்தி. பீரு வாங்கித் தர உங்களால ஆகாது, எனக்குத் தெரியும். நான் சம்சு கொண்டாந்துடுறேன், நீங்க கண்டுக்காதீங்க."

சம்சு. காட்டுக்குள் காய்ச்சி டின்னில் வரும் சாராயம். அதைக் கேட்டதும் உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவள், தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள். அவள் கூடப்பிறந்த அண்ணன் ஒரு கல்யாண விருந்தில் சம்சு குடித்துவிட்டு மறுநாள் பட்டப்பகலில், "என்னா இருட்டா இருக்கு, வெளக்கைப் போடுங்க" என்று கேட்டவர். அதற்கு மறுநாள் அவரும் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் உன்னிடம் சொன்னதை நானும் கேட்டேன். "அந்தத் தண்ணி உள்ள வந்துச்சுன்னா நான் கோயிலுக்கு வரமாட்டேங்க. எம்மவ கல்யாணமா இருந்தாலும் வரமாட்டேன்." சத்தம் போடாமல்தான் சொன்னாள். அதனால்தான் நமக்குப் பயம் வந்தது.

உன்னிடம் இருந்தது ஒரு மூட்டை. ஊருக்குத் திரும்பிய பழைய துரை விட்டுப்போனது. முளைகட்டி உலர்த்திய பார்லி. மால்ட் என்பார் அவர். கூடவே ஒரு டின்னில் காய்ந்த கசப்புப் பூ. அவர் பங்களாவின் பின்கொட்டகையில் தனக்குத் தானே பீர் செய்துகொண்டவர். செய்முறையை நீ பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய். பார்லியை நொறுக்கிச் சுடுநீரில் ஊறவைக்க வேண்டும். இனிப்புத் தண்ணீரை வடிக்க வேண்டும். பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து ஆற்றி, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைக் கலந்து ஜாடியில் மூடிவைக்க வேண்டும். எல்லாம் தெரியும். நொறுக்கும் மெஷினை மட்டும் துரை பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்விட்டார்.

"ரெண்டு உருளை, நடுவுல சந்து. அவ்வளவுதான லா, செஞ்சிடலாம்" என்றாய்.

முதலில் டவுனில் காப்பித்தூள் அரைக்கும் சீனரிடம் போனோம். ஒரு கைப்பிடி அரைத்துக் காட்டினார். முகத்துக்குப் பூசும் பவுடர்போல் வந்தது. என் வீட்டுத் திருகைக் கல்லில் போட்டோம். அதிலும் உமி சேர்ந்தே மாவாகிவிட்டது. பிறகு நீ நம் தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் கிடந்த இரும்புக் குவியலைக் காட்டினாய். இலையை நசுக்கிக் கிழிக்கும் மெஷினிலிருந்து பல் தேய்ந்துபோய்க் கழற்றிப்போட்ட உருளை வளையங்கள். கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டு எடுத்துவந்தோம். வேலை முடிந்து வந்து, கண் எரிய எரிய, நாலைந்து சாயங்காலம் அதை ஒரு தண்டில் கோத்துப் பழைய மோட்டாரில் மாட்டினாய். நான் பல்லில் இருந்த தேயிலைக் கறையைச் சுரண்டினேன். பேசக்கூடத் தெம்பில்லை. நீ ஸ்பானரைக் கேட்டால் நான் சுத்தியலைக் கொடுப்பேன். நீயும் அதைவைத்தே திருகிப் பார்ப்பாய்.

மோட்டார் ஓடியது. பார்லி கிழிந்து கிழிந்து விழுந்தது. மாவும் உமியும் தனித்தனியாக. எவ்வளவு சந்தோஷம் நமக்கு! அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரை ஒருவர் கேட்கவே இல்லை. சல்லடையை எடுத்துச் சலித்தோம். தேயிலைக்காரன் கை அப்படித்தான் போகும். தூளில் தண்டும் நாரும் கிடந்தால் தரம் போச்சு என்று திட்டு வாங்கி வாங்கி வளர்ந்த கை. ஓர் உமி மிச்சமில்லாமல் பொறுக்கி ஒரு மூலையில் கொட்டிவிட்டு, வெள்ளை வெளேரென்ற மாவைக் கோயிலில் கேட்டு வாங்கிய, அடியில் குழாய் வைத்த குண்டானில் சுடுநீர் விட்டுக் கலக்கினோம். பாதி மூட்டை.

நேரம் கழித்து நீ குண்டானின் அடிக்குழாயைத் திறந்தாய். நாலு சொட்டு விழுந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. கம்பியைவிட்டுக் குத்தினாய். நான் குனிந்து வாயால் ஊதினேன். கலக்கிய துடுப்பு நட்டுவைத்ததுபோல் நடுவில் நின்றது.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தி லோரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். குண்டானை எட்டிப் பார்த்தார். "கானாவூர்க் கல்யாணத்துல ஏசப்பா தண்ணியத் திராட்ச ரசமாக்குனாரு. நம்ம ஃபிட்டரு களியாக்கிட்டாரு லா!" என்றார். லைனே சிரித்தது. நீயும் சிரித்தாய். ஆனால் அவர் போகும்போது, "சரி சம்பந்தி, நான் அந்த ஆளுகிட்ட டின்னு சொல்லி வெச்சிடுறேன்" என்றபோது உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

நாம் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து குண்டானைப் பார்த்தாள்.

"ஏங்க, கஞ்சி வடிக்கணும்னா துணி கட்டணும்ல? துணி எங்க?"

"தொரை துணியெல்லாம் கட்ட மாட்டாரு. கொழாயைத் தொறப்பாரு, அதுவா வடியும்."

"அதுவா எப்படிங்க வடியும்? மாவைத் தாங்கிப் புடிக்க உள்ள ஏதாச்சும் கெடக்கணுமே."

நீ என்னைப் பார்த்தாய். நான் மூலையைப் பார்த்தேன். அங்கே கோழிகள் உமிக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தன.

"டேய் ரோலிங்கு," என்றாய் மெதுவாக. நான் இலை உருட்டும் ரோலிங் ரூமில் வேலை பார்த்ததால் உனக்கு நான் ரோலிங்குதான். "துணியத் தூக்கிக் கோழிக்குப் போட்டுட்டோம்டா."

துரையின் மெஷினில் உமி கிழியாமல் விரிசல் மட்டும் விட்டிருக்கும் என்பது அப்போதுதான் உனக்கு ஞாபகம் வந்தது. அவர் நொறுக்கியதைக் கையில் அள்ளி ஊதிப் பார்ப்பாராம். உமி முழுசாகப் பறந்தால் தலையாட்டுவாராம். ஏன் ஊதினார் என்று நீ கேட்டதில்லை. பல் வைத்த உருளை நமக்கு ஆகாது. வழுவழு உருளை வேண்டும்.

அது எங்கே இருக்கும் என்று யோசித்து யோசித்து, மறுநாள் ஃபேக்டரியில் நடு வேலையில் ஓடிவந்தாய். "ரப்பர் மெஷினுடா!"

ரப்பர் தோட்டத்தில் உறைந்த பாலை விரிப்பாக அழுத்தித் தள்ளுகிற கைமெஷின். இரண்டு வழுவழு இரும்பு உருளை. மேலே இரண்டு திருகு. திருகினால் சந்து கூடும், குறையும். மலைக்குக் கீழே தாப்பாவில் உன் சின்னம்மா வீட்டில் ஒன்று சும்மா கிடந்தது. ஆனால் மலைக்கு மேலே யார் கொண்டுவருவது? கோசு ஏற்றிக்கொண்டு தினமும் கீழே போகிறவர் ஒருவர்தான் இருந்தார்.

சம்பந்தி அதை இறக்கும்போது, "தேயிலைத் தோட்டத்துல ரப்பர் மெஷினு. உங்களுக்கு மறை கழண்டுபோச்சு லா" என்றார். ஆனால் வாடகை வேண்டாம் என்றுவிட்டார். டின் சொல்லிவைத்ததை மட்டும் ரத்து செய்யவில்லை. "ஒங்க தண்ணி கண்ணுல தெரியட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அந்த மெஷினும் உடனே வழிக்கு வரவில்லை. உருளை வழுவழுப்பில் பார்லி உள்ளே போகாமல் மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. நீ முக்கோண அரத்தை எடுத்து உருளை நெடுக மெல்லிய கீறல் போட்டாய். "பல்லு இல்லடா, நகக்கீறல்" என்றாய். சந்தை அரை நூலுக்கும் கொஞ்சம் குறைவாக வைத்தாய். அளவுகோலுக்கு ஓர் அஞ்சு காசு நாணயம். இரண்டு ஓரத்திலும் அதைச் செருகிப் பார்த்தாய்; இடப்பக்கம் இறுக்கினால் வலப்பக்கம் தளர்ந்தது. ஒரு பொழுது முழுவதும் அதற்கே போனது. நான் மோட்டாரைத் தூக்கிவந்தபோது, "வேணாம், கையால சுத்து. மெதுவா. இது தேயிலை இல்ல" என்றாய்.

சுற்றினேன். தோள் இரண்டும் இற்றுவிட்டன. நொறுங்கி விழுந்ததை நீ கையில் அள்ளி ஊதினாய். உமி முழுசாகப் பறந்து என் மூக்கில் ஒட்டியது. தும்மினேன். அன்றுதான் பல நாளைக்குப் பிறகு நீ வாய்விட்டுச் சிரித்தாய்.

அன்று அடிக்குழாயைத் திறந்ததும் தேன் நிறத்தில் நூல் பிடித்ததுபோல் ஓடியது. நாம் குழாய்ப் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. அது நின்றுவிடுமோ என்ற பயம்.

கல்யாணத்தன்று கொட்டகையில், புளித்துத் தயாரான ஜாடிகள் வரிசையாக இருந்தன. கோயில் முடிந்து வந்துவிட்டார்கள். தங்கச்சி கோயிலுக்கு வந்தாள். ஆனால் சம்பந்தியின் லோரியில் தார்ப்பாய்க்குக் கீழே டின் இருந்தது அவளுக்குத் தெரியும். நீ முதல் குவளையை ஊற்றிச் சம்பந்தியிடம் நீட்டினாய். அவள் குறுக்கே வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கல்யாணப் பட்டுச்சேலையில், தலையில் பூவோடு.

"எங்கண்ணன் குடிச்சதை யாரும் ருசி பார்க்கல. இதை நான் பார்க்குறேன்."

பிறந்ததிலிருந்து வாயில் வைக்காதவள் அரைக் குவளையைக் குடித்தாள். முகம் சுளித்தது. வாசலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து எதிரே இருந்த தேயிலைச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்பளைகள் எல்லாரும் வெறும் குவளையோடு நின்றார்கள். பட்டுச்சேலை உடுத்திய ஒரு பெண் உட்கார்ந்து மலையைப் பார்ப்பதை இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "கசக்குது. ஆனா கண்ணு தெரியுது. ஊத்துங்க அண்ணே" என்றாள் என்னிடம்.

சம்பந்தி ஒரு வாய் குடித்துவிட்டு, "கொள்ளு வேகவெச்ச தண்ணி மாதிரி இருக்கு லா" என்றார். அப்புறம் குவளையை நீட்டினார். மூன்றாவது தடவையும் நீட்டினார். டின் அவருடைய லோரியிலேயே திரிங்காப்புக்குத் திரும்பும் வழியில் ஓடையில் கொட்டப்பட்டதாகப் பிறகு அவரே சொன்னார். அதிலிருந்து நம் லைனில் யார் எதைக் குடித்தாலும், வெறும் தேத்தண்ணீர் குடித்தாலும், "கண்ணு தெரியுதா லா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

மால்ட் மூட்டை அதன்பின் வரவே இல்லை. ஒரே ஒரு கல்யாணத்துக்காக ஒரு மெஷின் செய்தோம். அதற்கப்புறம் அது கோழிக்குச் சோளம் நொறுக்கியது. உனக்கு நெஞ்சில் சளி கட்டித் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மூச்சுவிடச் சிரமப்பட்டாய். நடுவில் விட்டுவிட்டுச் சொன்னாய்: "அத்தனை பேரு குடிச்சானுங்க... ஒருத்தனும் வெளக்கைப் போடச் சொல்லலடா." அதுதான் உன் வாழ்க்கையின் பெரிய வேலை என்பதுபோல் சொன்னாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் இந்த மாதம் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மகன் ஈப்போவில் மாடிவீட்டில் இருக்கிறான். அங்கே மெஷினுக்கு இடமில்லை. தூக்கிச் சுமக்க எனக்கு முதுகும் இல்லை. நாளைக்கு அந்தப் பையனிடம் கொடுத்துவிடப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. களைப்பாக இருக்கிறது, ஃபிட்டரே. சந்தை மட்டும் கடைசியாக ஒரு தடவை அஞ்சு காசு வைத்துப் பார்த்தேன். நீ வைத்தது வைத்தபடி இருக்கிறது.

தங்கச்சி இப்போது திரிங்காப்பில் மகள் வீட்டில் இருக்கிறாள். போகிற வழியில் இறங்கி இதை அவளுக்குப் படித்துக் காட்டுவேன். முன்பெல்லாம் நமக்கு வந்த கடுதாசியை நீதான் படிப்பாய், அவளும் நானும் கேட்டுக்கொண்டிருப்போம். இனி நான் படிக்க வேண்டும். தப்பில்லாமல் படிக்க வேண்டுமே என்று, எழுதியதை முதலிலிருந்து விரல் வைத்து ஒரு தரம் படித்துப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் இடம் விட்டிருக்கிறேன். ஓர் இடத்திலும் அடைத்துக்கொள்ளவில்லை.

கண்ணு தெரியுது, ஃபிட்டரே.