விமானியின் விரதத் தாடி

ஜனவரி 16

காலையிலிருந்தே புழுக்கம். மழை வரும்போல, வராதுபோல. கோயிலில் கொடியேற்றம். அப்பாவுக்கு இன்று முதல் காவடி விரதம். சைவச் சாப்பாடு, தரையில் பாய், சவரம் கிடையாது. பதினேழாவது வருஷம்.

விமானியாக இதுதான் முதல் வருஷம். நாற்பத்து நாலு வயதில்! இத்தனை காலம் இஞ்சினுக்கு அடியில் கிடந்த மெக்கானிக். நைரோபி போய்ப் படித்து, லைசென்ஸோடு திரும்பி மூன்று வாரம். அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "இந்த வயசுல மனுஷன் காலை நீட்டி உக்காருவான். இவரு மேல ஏறிப் போறாரு."

சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ் இந்த நோட்டுக்காவது உதவட்டும். வீட்டிலும் ஆபீஸிலும் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. இஷ்டத்துக்குத் திட்டலாம்.

வாங்க வேண்டியது: பூசணி, கற்பூரம், டைப்ரைட்டர் ரிப்பன்.

ஜன. 19

கம்பெனி என்பது விமான நிலையத்து மூலையில் ஒரு அறை, ரெண்டு இஞ்சின் விமானம் ஒன்று, டைப்பிஸ்ட் நான். மேனேஜர் (எங்களுக்கெல்லாம் 'முசியே') உள்ளே வந்ததும் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"வேலு, பிளேடு தீர்ந்துபோச்சா?"

"காவடி, முசியே. இருபத்தாறு வரைக்கும்."

"மெக்கானிக் தாடி வெச்சா எனக்கென்ன? பைலட் வெச்சா ஜனங்க பயப்படுவாங்க. சவரம் பண்ணு, இல்லேன்னா சாமான் மட்டும் ஏத்து. மாசக் கடைசிக்குள்ள ஒரு பயணிகூட உன்னோட வரலைன்னா, திரும்ப ஒர்க்‌ஷாப்தான்."

போன பைலட் காலை எட்டு மணிக்கே ரம் நாறுவான். வெள்ளைக்காரன். வாயைக் கழுவு என்று யாரும் சொன்னதில்லை. போகும்போது விருந்து வைத்தார்கள். மெனு டைப் அடித்தது நான்.

பஸ்ஸில் அப்பாவிடம், "சவரம் பண்ணிடு, பப்பா. முருகன் உன் முகத்தையா பாக்கப்போறாரு?" எனக்கு முருகனிடமும் நம்பிக்கை இல்லை, மேனேஜரிடமும் இல்லை. அப்பா பறந்தால் போதும்.

"முருகன் பாக்கமாட்டாரு. சவரம் பண்றப்போ கண்ணாடியில நான் பாப்பேனே."

அப்புறம் ரோஸ் பெல் ஸ்டாப் வரை அப்பாவுக்கு நல்ல தூக்கம்.

ஜன. 21

மழை. பதினொன்றுக்கு விட்டது. பக்கத்து ரெயூனியன் தீவுக்குக் கோழிக்குஞ்சு, எட்டுப் பெட்டி. ஏற்றிவிட்டு மெக்கானிக் ரோலான் அப்பாவைக் கேப்டனாக்கிக் கத்தினான்: "கப்பித்தென் வேலு! பயணிங்க எல்லாரும் ஏறியாச்சு! தாடியைப் பத்தி ஒருத்தரும் கேக்கல!"

அப்பாதான் அதிகம் சிரித்தார். திரும்பி வந்து, காதுக்குள் இன்னும் கீச் கீச் என்கிறதாம். எனக்கு வயிறு எரிகிறது. இந்த மனுஷனுக்கு என்ன சந்தோஷம்!

பஸ்ஸில் ஒரு கிழவர்: "நம்ம தீவுக்குச் சுதந்திரம் வரப்போவுதாம். முதல்ல இந்த பஸ் நேரத்துக்கு வரட்டும்."

ரிப்பன் வாங்க மறதி.

ஜன. 24

வெயில். 

பத்து மணிக்கு ஒரு வெள்ளைக்கார மதாம், எழுபது இருக்கும். மகளுக்கு ரெயூனியனில் பிரசவ வலி. பெரிய விமானத்தில் நாளைவரை இடம் இல்லை. மேனேஜர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "விமானம் இருக்கு, மதாம். பைலட்தான்..."

அப்பா எண்ணெய்க் கையோடு உள்ளே வந்தார்.

"மெக்கானிக்கை யார் கேட்டது? பைலட் எங்கே?"

"நான்தான், மதாம்."

கிட்டே போனாள். மோந்து பார்த்தாள். நிஜமாகவே மூக்கைச் சுருக்கி.

"இது என்ன தாடி?"

"காவடி விரதம்."

"என் தோட்டக்காரனும் இருப்பான். அந்தப் பத்து நாளும் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டான்."

"ஆமாம், மதாம்."

"உங்க பழைய பைலட்டோட ஒரு தடவை போனேன். அவன் விட்ட மூச்சிலயே எனக்குத் தலை சுத்திச்சு." பெட்டியை அப்பாவிடம் நீட்டினாள். "ம், கிளம்பு."

தோட்டக்காரனாம்! பெட்டி தூக்க வைத்தாளாம்! அதையெல்லாம் அப்புறம் திட்டிக்கொள்ளலாம் என்று பயணிப் பட்டியலை எடுத்தேன். பயணிகள்: 1. ரெண்டு தடவை தப்பாக அடித்தேன். விமானம் 10.40க்குக் கரும்புத் தோட்டத்துக்கு மேல் ஏறி, திரும்பி, கடல்பக்கம். ரோலான் தொப்பியை மேலே எறிந்தான். அது கூரையிலேயே கிடக்கிறது.

ஜன. 26

காவடி. தார் ரோடு கொதித்தது. கன்னத்தில் வேல், தோளில் காவடியோடு அப்பா நடந்தார். அம்மா வழியெல்லாம் அவர் காலில் தண்ணீர் ஊற்றினாள். அவள் கால் வெந்தது.

சாயங்காலம் சவரக்கடை. திரும்பி வந்த முகம், தோலுரித்த உருளைக்கிழங்கு. "இப்பதான் என் புருஷன் மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. பத்து நாளுக்கு அப்புறம் மீன் குழம்பு நாளை.

ஜன. 27

மேகமூட்டம். காலையில் போன். அந்த மதாமின் சிநேகிதிகள் ரெண்டு பேர் வியாழக்கிழமை ரெயூனியன் போக வேண்டுமாம். நிபந்தனை ஒன்று: தாடிக்காரர்தான் ஓட்ட வேண்டும்.

மேனேஜர் போனை வைத்துவிட்டு வெளியே ஓடினார். அப்பா மழமழவென்ற முகத்தோடு இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேலு! தாடி எங்கே?"

அப்பா கன்னத்தைத் தடவிக்கொண்டார். வேல் குத்திய இடத்தில் இன்னும் விபூதி.

"நேத்தே முடிஞ்சிடுச்சே, முசியே."

"வியாழக்கிழமைக்குள்ள கொஞ்சமாவது வளருமா?"

டைப்ரைட்டர்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தேன். அடித்துக்கொண்டிருந்த பயணிப் பட்டியல் பாழ். மறுபடி அடித்தேன். பயணிகள்: 2. எழுத்து மங்கலாக விழுகிறது. ரிப்பன் இன்னும் வாங்கவில்லை.