வியாழக்கிழமை அம்மா பாடியது

அக்தாவ்,
செப்டம்பர் 27

என் குதிரைக்குட்டி அக்மராலுக்கு அப்பா எழுதுவது. அல்லாவின் புண்ணியத்தில் இங்கே ஆட்கள் இருவரும் குதிரைகள் ஐந்தும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் புசானில் வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே போகாமல், உடம்பைக் கவனித்துக்கொள்கிறாய் என்று நம்பித்தான் தூங்கப் போகிறோம். தினம் போனில் முகம் பார்க்கிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள், நான் சொல்ல வேண்டியதோ அவள் முன்னால் சொல்ல முடியாதது. தட்டி அனுப்பலாம் என்றால் இந்த விரலுக்கு ஒரு எழுத்தை அமுக்கினால் மூன்று விழுகிறது. முப்பது வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கை அப்படித்தான் இருக்கும். அதனால் பேனா எடுத்தேன், பொறுமையாகப் படி.

முதலில் வீட்டுச் சேதி. கரும்பழுப்புக் குதிரைக்குச் சேணம் உரசி முதுகில் புண், மருந்து போடுகிறேன், ஆறி வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, நீ அனுப்பிய கொரியா தைலத்தைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டிப் பெருமைப்பட்டதோடு சரி, தடவவில்லை. கடல் இந்த வருஷம் இன்னும் உள்ளே போய்விட்டது. போன கோடையில் கம்பளம் விரித்த இடத்தில் உட்கார்ந்தால் இப்போது அலைச் சத்தமே சரியாகக் கேட்பதில்லை, சுற்றுலா வருகிறவர்களுக்குக் குதிரைச் சவாரி, கடலோரத்தில் சாப்பாடு என்று நீ நெட்டில் எழுதிப் போட்டுவிட்டாயே, அதனால் மேஜை, கம்பளம், கொப்பரை, விறகு எல்லாவற்றையும் நாங்கள் கடலுக்குப் பின்னாலேயே தூக்கிக்கொண்டு போகிறோம். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. நீ அங்கே வேலை முடித்து வந்து, கண் எரிய உட்கார்ந்து, யார் யார் வருகிறார்கள், யாருக்குக் குதிரை பழக்கம், யார் மாமிசம் தொடமாட்டார் என்று பட்டியல் போட்டு அனுப்புகிறாய். எங்களுக்குப் பொழுது போகட்டும் என்றுதானே செய்கிறாய். நாங்களோ உனக்கு ஒரு சந்தோஷம் என்று செய்துகொண்டிருந்தோம். இப்படி இரண்டு பக்கமும் ஒருவருக்காக ஒருவர் களைத்துப்போகிறோம் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போன ஞாயிறு ஒரு சேதி அனுப்பியிருந்தாய். "அப்பா, அம்மா பாடினாங்களாமே! ஆறு பேரும் அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க. குதிரைச் சவாரியை விட, சூரியன் மறைஞ்சதை விட அந்தப் பாட்டுதான் மறக்க முடியாததுன்னு எழுதியிருக்காங்க. இனிமே வாரா வாரம் சாப்பாட்டுக்கு முன்னாடி பாடச் சொல்லுங்க" என்று. அதோடு விடாமல், மாலை நிகழ்ச்சியில் பாட்டும் உண்டு என்று எழுதியும் போட்டுவிட்டாய். அதை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. போனை உள்பையில் வைத்துக்கொண்டு லாயத்துக்குப் போய்க் குதிரைகளுக்குத் தீனி வைத்தேன். உன் மேல் கோபம் இல்லையம்மா, உனக்கு எப்படித் தெரியும். அன்று நடந்தது இதுதான்.

பதினாறாம் தேதி வியாழக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். மூன்று இத்தாலியப் பெண்கள், பிராகிலிருந்து ஒரு நெட்டைப் பையன், ஹாலந்துக்காரர் ஒருவரும் அவர் மனைவியும். அந்த யோஸ்ட் என்கிற ஹாலந்துக்காரர் நல்ல மனுஷன், ஆனால் ஆள் கனம். கரும்பழுப்புக்குப் புண் இருப்பதால் என்னுடைய சாம்பல் குதிரையை அவருக்குக் கொடுத்துவிட்டு, நான் பக்கத்து வீட்டுத் தொலெபாயின் கிழட்டுக் குதிரையை இரவல் வாங்கிக்கொண்டேன். இன்னும் இரண்டு குதிரைகளும் அவன் தந்தவைதான், இல்லாவிட்டால் ஏழு பேருக்கு எங்கே போவது. தொலெபாயைத்தான் உனக்குத் தெரியுமே, என் வயதுக்காரன், வாயில் எனக்கென்று ஒரு கேலி எப்போதும் தயாராக வைத்திருப்பான். "குதிரை மேல நீ ஏறுறியா, உன் மேல அது ஏறுதான்னு தெரியலையே" என்று சொல்லித்தான் கயிற்றைக் கையில் கொடுத்தான்.

சூரியன் தண்ணீரைத் தொடுகிற நேரத்துக்குப் பெரிய பாறைக்கு வந்துவிட்டோம். வழக்கமாக அங்கே எல்லோரையும் நிறுத்தி, நடையாக, பக்கவாட்டில் சுற்றித்தான் சாப்பாட்டு இடத்துக்குக் கூட்டிப் போவேன். நம்மில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், வீட்டைப் பார்த்து நேராகக் குதிரையை விரட்டிக்கொண்டு வருகிறவன் சாவுச் சேதி கொண்டுவருகிறவன். சேதி ஒன்றும் இல்லாதவன் மெள்ளத்தான் வருவான். அன்று நான் நிறுத்தவில்லை. பாறையிடம் வந்தபோது எனக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இறங்கிப் பாறை மறைவில் உட்கார்ந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் போங்கள் போங்கள் என்று கையை ஆட்டிவிட்டேன். சேணப் பட்டையைச் சரிசெய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. ஆமாம் கண்ணு, ஜூலையில் உன்னிடம் வாயு என்று சொன்னேனே, அது வாயு இல்லை. இதயத்துக்குப் போகிற குழாய் இரண்டு இடத்தில் அடைத்திருக்கிறது, அறுக்க வேண்டும் என்று டாக்டர் அப்போதே சொன்னார். நான் முடியாது என்றேன். பயம்தான், வேறென்ன. அம்மாவிடம் டாக்டர் ஒன்றுமில்லை என்றார் என்று சொல்லிவிட்டு அந்தக் காகிதத்தைச் சேணப் பெட்டியில் ஒளித்து வைத்தேன். ஒளித்த மறுநாளே அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததாக அவள் காட்டிக்கொள்ளவும் இல்லை.

சாம்பல் குதிரைக்கு நான் மேலே இல்லை என்றதும் கொண்டாட்டம். கொப்பரைப் பக்கம் புகை தெரிந்தது, அங்கேதான் அதற்கு ஓட்ஸ் கிடைக்கும், காற்றாகக் கிளம்பிவிட்டது. யோஸ்டுக்கும் உற்சாகம், வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படிப் பறக்கிறார், கூவிக்கொண்டே போகிறார். அம்மா கொப்பரையில் இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். என் குதிரை. மேலே வேறு ஆள். நேராக அவளைப் பார்த்துப் பாய்ந்து வருகிறது. அவர் இறங்கியதும், மூச்சு வாங்கப் பேச்சு வராமல், பின்னால் பாறையைக் காட்டிவிட்டுத் தன் நெஞ்சில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாராம். ஐயோ என்ன ஒரு ஆனந்தம் என்று அவர் பாஷையில் அதற்கு அர்த்தம். உன் அம்மாவுக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது.

கரண்டியைப் போட்டுவிட்டு, தலைத்துணியை உருவிவிட்டு, மணலில் உட்கார்ந்து ஒப்பாரி எடுத்துவிட்டாள். பாறைக்கும் அவளுக்கும் இருநூறு அடி இருக்கும், காற்று என் பக்கமாக அடித்தது. முதலில் யாருடைய குரல் என்றே பிடிபடவில்லை. எழுந்து நாலு அடி நடந்தேன். அப்போது "ஒதெகென்" என்று கேட்டது. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷம், நம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள், அவள் என்னை "ஏங்க" என்பாள், "அக்மரால் அப்பா" என்பாள், கோபம் வந்தால் "இந்த வீட்டு ஆம்பளை" என்பாள். என் பேரை அவள் வாயால் அன்றுதான் கேட்டேன். கால் அங்கேயே நின்றுவிட்டது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நின்று கேட்டேன். "கப்பல் கப்பலாச் சுமை இறக்கின ஒதெகென், உன் நெஞ்சுச் சுமையை எங்கிட்ட இறக்கலையே" என்கிறாள். "மாத்திரையை நாக்குல வச்சுக்கிட்டுப் பல்வலின்னு சொன்னியே, நானும் நம்புன மாதிரி உப்புத் தண்ணி காய்ச்சிக் கொடுத்தேனே, பாவி நான் சண்டை போட்டு உன்னை இழுத்துக்கிட்டுப் போயிருக்கணுமே" என்கிறாள். கல்யாணத்தன்று மழையில் ஜீப்புக்கு மேல்துணி இல்லாமல், என் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு நான் நனைந்துகொண்டே ஓட்டி வந்தேன், எனக்கே மறந்துபோன விஷயம், "அந்தக் கோட்டுக்குள்ள இருந்துதான் உன்னை முதல்ல பார்த்தேன் ஒதெகென், நல்லவன் கையிலதான் மாட்டியிருக்கேன்னு நெனச்சேன், ஒரு நாளும் அதை வாய்விட்டுச் சொல்லலையே" என்கிறாள். நடுவில் ஒளித்து வைத்த சிகரெட்டுக்கும் திட்டு விழுந்தது. ஒரு மனுஷன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு எப்படி மறைவில் நிற்பான் என்று நீ நினைப்பாய். இத்தனை நாளும் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தபோது கிடைக்காதது, அங்கேதான் எனக்குக் கிடைத்தது. அதுதான் காரணம், நியாயம் இல்லை.

கடைசியில் நான் பாறையை விட்டு வெளியே வந்தபோது அந்த ஆறு பேரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தாலியப் பெண் ஒருத்தி அழுதுகொண்டே தட்டினாள். சாப்பாட்டுக்கு முன் நாட்டுப் பாட்டு என்று நினைத்துவிட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. எழுந்து மணலைத் தட்டிவிட்டு, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, கரண்டியைக் கழுவி எடுத்தாள். கெண்டை மீன், எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டை, ஒட்டகப் பால், மாவுத் தகட்டின் மேல் இறைச்சி, மாமிசம் தொடாதவளுக்கு உருளைக்கிழங்கு, ஒன்றும் தாமதமாகவில்லை, ஒன்றிலும் உப்புக் கூடவில்லை. யோஸ்ட் எழுந்து நின்று அவளுக்குக் குனிந்து வணக்கம் வேறு சொன்னார். அவரிடம் நடந்ததை நாங்கள் சொல்லவில்லை. விருந்தாளிக்கு அவன் தவறை எடுத்துக்காட்டி அனுப்புவது நம் வீட்டுப் பழக்கம் இல்லை.

அவர்களை வண்டியில் ஏற்ற வந்த தொலெபாய் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு என்னைக் குடைந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். "உனக்காக இப்படி அழ ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சுபோச்சு, இனிமே நீ தைரியமா சாகலாம்டா" என்று சிரித்தான், அப்புறம் எனக்கு முதுகைக் காட்டி வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். எல்லோரும் போன பிறகு அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டிருந்தீங்க?" இப்போதுதான் வந்தேன் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். ஆரம்பத்திலிருந்தே என்றேன். "கொப்பரையில இறைச்சி வேகிற மாதிரி நான் வெந்துக்கிட்டிருந்தேன், நீங்க நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க" என்றாள். அவ்வளவுதான். இன்றோடு பதினோரு நாள், என்னோடு பேச்சில்லை. தேநீர் வைக்கிறாள், மாத்திரையை எண்ணிப் பக்கத்தில் வைக்கிறாள், போய்விடுகிறாள். உன்னோடு போனில் சிரிக்கிறாளே, அது உனக்காக.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நான் ஏன் கடைசியில் மறைவிலிருந்து வெளியே வந்தேன் என்பது. மனைவி அழுது முடித்த இடத்தில் மகள் எடுத்துப் பாட வேண்டும், அதுதானே முறை. உன் அம்மா தன் பங்கை முடித்துவிட்டு நீ உட்கார வேண்டிய இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே வெறும் மணல். பிறகு குரலை மெல்லியதாக்கி, உன் குரலைப் போலவே ஆக்கி, உன் பங்கையும் அவளே பாடினாள். "அப்பா, தூரத்துல இருந்துட்டேனே, முகத்தைப் பார்க்க வந்து சேரலையே" என்று நீ சொல்வதாக. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டேன். அக்தோபே நகரத்து ஆஸ்பத்திரியில், அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதி காலை. ஐந்து மணி நேரம் ஆகுமாம், பிழைப்பவர்கள்தான் அதிகம் என்கிறார் டாக்டர், நானும் நம்புகிறேன். நேற்று அம்மாவிடம் சொன்னேன், பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். உனக்குச் சொல்லக் கூடாது, வேலையைக் கெடுத்துக்கொண்டு ஓடி வருவாய் என்பது அவள் எண்ணமாக இருக்கும், போனில் உன்னிடம் மூச்சு விடவில்லையே. எனக்காக நீ வர வேண்டாம், எனக்கு மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள், யார் இருந்தார்கள் யார் இல்லை என்று எனக்குத் தெரியப்போவதில்லை. அவளுக்குத்தான் மயக்க மருந்து கிடையாது. ஐந்து மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். நீ வந்து அவளுக்கு இடது பக்கம் உட்கார்.

பாட்டு உண்டு என்று போட்டதை மறக்காமல் இன்றே எடுத்துவிடு, அக்டோபருக்கு யாரையும் சேர்க்காதே. உன் பாதை திறந்திருக்கட்டும், கையில் எடுத்தது விளங்கட்டும், அல்லா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், ஆமின். வரும்போது குளிருக்கு நல்ல கோட்டாக எடுத்து வா.

உன் அப்பா,
ஒதெகென்