சட்டகத்துக்குக் கீழே

நாள் 211 | 07:50
வெளியே கழித்தல் 61 டிகிரி. காற்று இல்லை. மின்கலம் 88 விழுக்காடு.
எழுதுவது டாக்டர் பிலோமினா, நிலவியல். செவ்வாயின் இந்த நிலையத்தில் இருப்பது இரண்டே பேர்: நானும், கருவிகளைக் கவனிக்கும் மாசானமுத்து அண்ணாச்சியும். எங்களுக்குப் பிறகு வரும் குழுவுக்காக இந்தக் குறிப்பு. நிலையம் மண்ணுக்குள் புதைந்திருப்பதால் ஜன்னல் கிடையாது. நானூறு மீட்டர் தள்ளி, சரிவுக்குக் கீழே ஒரு கோபுரம். அதன் உச்சியில் அண்ணாச்சி பொருத்திய கேமராதான் எங்கள் கண். அது திரும்பாது, பள்ளத்தாக்கை மட்டுமே பார்க்கும்.

08:30
அண்ணாச்சி வாகனத்தில் கிளம்பினார். ஒன்பது கிலோமீட்டரில் இருக்கும் நிலநடுக்கக் கருவியை மாற்ற வேண்டும். அவரிடம் எட்டு மணி நேரக் காற்று. 16:30 வரை. அதற்கு மேல் இருபது நிமிடம் சேமிப்பு.
வானொலியில்: "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருவேன் டாக்டரம்மா. கத்திரிக்காக் கொழம்ப முழுசாத் தின்னுறாதீய."

09:15
பூமியிலிருந்து, செய்திப் பிரிவு: "மேடம், சதுரமா அனுப்பினா ஹால் ஸ்கிரீன்ல ரெண்டு பக்கமும் கருப்பா நிக்குது. இன்னைக்கு ஸ்கூல் பசங்க வராங்க. கொஞ்சம் அகலமா அனுப்புங்களேன், ப்ளீஸ்."
மூன்று வாரமாக இதே நச்சரிப்பு. கேமராவுக்குள் படம் பிடிக்கும் உணரி சதுரம். அதில் அண்ணாச்சிக்குப் பெருமை வேறு: "லென்சு காட்டுறது வட்டம். வட்டத்துக்குள்ள சதுரந்தான் ரொம்ப எடம் புடிக்கும். அகலமா வெட்டுனா மேலயும் கீழயும் போயிரும்லா."
போகட்டுமே. மேலே வெறும் வானம், கீழே வெறும் மண். பதினாறுக்கு ஒன்பது என்று மாற்றிவிட்டேன். இனி உணரியின் நடு வரிகள் மட்டுமே படமாக வரும். நூற்றுக்கு நாற்பத்து நான்கு வரிகள் வீண். தெரிந்தால் திட்டுவார். வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

11:52
"வேல முடிஞ்சுது. கெளம்பிட்டேன்."
ஐம்பது நிமிடப் பாதை.

13:05
வரவில்லை. வானொலியில் பதில் இல்லை. கேமராவை நேரலையில் வைத்து அடிவானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாகனம் கிளப்பும் புழுதி எங்கேயும் தெரியவில்லை. பூமிக்குத் தகவல் அனுப்பினேன். போய்ச் சேரப் பதினான்கு நிமிடம்.

13:41
படம் மூன்று முறை மங்கித் தெளிந்தது. தூசி போலும்.

14:20
பூமி: "நிலையத்தை விட்டு வெளியேற வேண்டாம். கேமராவில் தொடர்ந்து தேடவும்."
வெளியேறித்தான் என்ன செய்ய? இருந்த ஒரே வாகனம் அவரிடம். ஒன்பது கிலோமீட்டர் போய் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு நடந்தே திரும்ப என் காற்று பற்றாது. எங்காவது மேட்டில் அவர் உடை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் போதும். கண் எரிகிறது. குழம்பைத் தொடவில்லை.

14:50
மறுபடி மூன்று முறை மங்கல். இந்தத் தூசிக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா?

15:10
செய்திப் பிரிவு: "படம் சூப்பர் மேடம்! பசங்க கை தட்டினாங்க!"
அவனுக்கு விஷயம் தெரியாது. இருந்தாலும் அறைய வேண்டும்போல் இருந்தது.

15:48
இன்னொரு முறை. இரண்டு மங்கல், மூன்றாவது தெளியாமல் அப்படியே நின்றுவிட்டது.
காற்றுமானியைப் பார்த்தேன். பூஜ்யம். காலையிலிருந்தே பூஜ்யம். அப்படியானால் தூசி ஏது?

15:51
மடச்சி நான். படத்தை வெட்டினாலும், வெளிச்சத்தை அளப்பது முழுச் சதுரமும்தான். பளிச்சென்று ஏதாவது வந்தால் கேமரா தானாகக் கண்ணைச் சுருக்கும். அதனால்தான் மங்கல். அந்தப் பளிச்சு நான் வெட்டி எறிந்த பகுதியில் இருக்கிறது.

15:54
வெளிச்சம் அளப்பதற்கென்று நிமிடத்துக்கு ஒரு பொடிப்படம் சேமிப்பாகிறது. முழுச் சதுரம், அறுபத்து நான்குக்கு அறுபத்து நான்கு புள்ளி. அதில் கீழ் விளிம்பைப் பார்த்தேன்.
12:58. வெள்ளை. உயரம் நான்கு புள்ளி, அகலம் ஒன்று. நிற்கிறார்.
14:32. உயரம் இரண்டு, அகலம் இரண்டு. உட்கார்ந்திருக்கிறார்.
15:40. உயரம் ஒன்று. அகலம் நான்கு.


15:57
முழுச் சதுரத்துக்கு மாற்றினேன். கோபுரத்தடிக் குழியில் வாகனம், வானொலிக் கம்பம் முறிந்து, கவிழ்ந்து கிடக்கிறது. பக்கத்தில் அவர். ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருக்கிறது. மும்மூன்று முறை சைகை காட்டிய மார்பு விளக்கு இப்போது அணையாமல் நேராக லென்சைப் பார்த்து எரிகிறது, அதன் கூச்சத்தில் சுற்றியுள்ள மண்ணில் வேறெதுவும் தெரியவில்லை.
நிலையத்துக்கு ஏறும் சரிவு அந்தக் காலுக்கு முடியாது. ஆனால் எங்கே நின்றால் படத்தில் விழுவோம் என்று கேமராவைப் பொருத்தியவருக்குத் தெரியும். அச்சுப் பிசகாமல் அங்கேயே மூன்று மணி நேரம் இருந்திருக்கிறார், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நம்பி. நான் அவர் தலைக்கு மேலாக அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

16:03
உடை மாட்டும் முன் நாற்பது நிமிடம் சுத்த ஆக்சிஜன் சுவாசிக்க வேண்டும் என்பது விதி, இல்லாவிட்டால் ரத்தத்தில் குமிழி கட்டி மூட்டு குத்தும். முடியாது. போகிறேன். கதவுப் பதிவில் இதைக் குற்றமாக எழுதிக்கொள்ளட்டும்.

16:22 | உடையிலிருந்து, குரல் பதிவு
வந்துவிட்டேன். மூட்டெல்லாம் குத்துகிறது. அவர் காற்றுக் குப்பி நசுங்கியிருக்கிறது, முள் பூஜ்யத்தில். என் குழாயை இணைத்துவிட்டேன். காற்று போகிறது. போகிறது.
நெஞ்சு அசையவில்லை.
தலைக்கவசத்தோடு கவசம் வைத்துக் கூப்பிட்டேன். அண்ணாச்சி. அண்ணாச்சி, நான்தான்.

16:31 | குரல் பதிவு
இதைக் கேட்கிறவர்களுக்கு. அளவை மாற்றியது நான். அவரிடம் சொல்லவில்லை.
இங்கே மண்ணில் கோடு கோடாக இருக்கிறது. முதலில் அவர் தவழ்ந்த தடம் என்று நினைத்தேன். இல்லை. மாதிரி எடுக்கும் கம்பியால் எழுதியிருக்கிறார். கேமராவுக்குத் தெரிய ஆள் உயர எழுத்து. கோபுரத்தைப் பார்த்து நின்ற எனக்குத் தலைகீழாக இருந்தது, சுற்றி வந்து வாசித்தேன்.
"அவசரமில்ல டாக்டரம்மா. பாத்து எறங்கி வாங்க."