வேம்பு பெயரில் ஒரு பாசி

14 ஜூன் 2004, திங்கள்

பால் பாத்திரத்தில் மறுபடியும் பாசி கொதிக்கிறது. வால்பாறைக் காட்டில் மரக்கிளையிலிருந்து முழ நீளத்துக்குத் தொங்கியதாம். காய்ந்த பிறகும் பட்டு நூல் மாதிரி பளபளக்கிறது. வெந்நீரில் போட்டால்தான் இலை விரியும், மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன இனம் என்று சொல்ல முடியும் என்கிறார் என் வீட்டுக்காரர். அரியலூரில் தாவரவியல் வாத்தியார். பெயர் அறிவரசன். பால் பாத்திரம் எது என்பது மட்டும் தெரியாது.

19 ஜூன்

புதுப் பாத்திரம் வாங்கினேன். அதிலும் பாசி.

27 ஜூன், ஞாயிறு

இவர் கத்தினார். பாம்போ என்று ஓடினேன்.

"பளபளன்னு இருக்குற பாசிக்கு இலை வழுவழுன்னு இருக்கும். மங்கலா இருக்குறதுலதான் பொரிப்பொரியா இருக்கும். இதுல ரெண்டும் இருக்கு வேம்பு! புது இனம்!"

புது இனத்தைக் கண்டுபிடித்தவரே பெயர் வைக்கலாமாம். என் பெயரை வைக்கிறேன் என்றார்.

நான் நாலாவது பெண். இனிப் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரிவிக்க வைத்த பெயர் இது. தம்பி பிறந்ததோடு அதன் வேலை முடிந்தது, நான்தான் இன்னும் சுமக்கிறேன். அழுதுவிட்டேன். இவர் பயந்துபோய், பிடிக்கவில்லை என்றால் வைக்கவில்லை என்றார்.

2 ஜூலை, வெள்ளி

சிறுவாச்சூர் கோயிலுக்குப் போனோம். மாமியார் சந்நிதியிலேயே ஆரம்பித்துவிட்டார். "கொலசாமி பேர வுட்டுட்டு பொண்டாட்டி பேரா? மதுரகாளி பாத்துக்கிட்டுதான்டா இருக்கா."

திருச்சியில் இவருடைய பிஎச்.டி. ஆராய்ச்சிக்கு கைடாக இருக்கிறவரும் தன் பெயரை எதிர்பார்க்கிறாராம். இவர் யாருக்கும் அசையவில்லை. நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஹெச்.எம். வரைக்கும் சொல்லிவிட்டேன். சந்தோஷமாக இருக்கிறது, எழுதினால் என்ன.

20 ஜூலை

திருச்சியிலிருந்து வந்தார். சாப்பாடு வேண்டாம் என்றார்.

21 ஜூலை

கேட்டுப் பிடுங்கினேன். கைடு ஒரு சொட்டு ஆசிட் விட்டாராம். நுரைத்துக்கொண்டு பொரியெல்லாம் போய்விட்டது. அடியில் வழுவழு இலை. ஒட்டியிருந்தது அத்தனையும் எங்கள் போர் தண்ணீரின் சுண்ணாம்பு. சிமெண்ட் ஆலை வைக்கிற அளவுக்குச் சுண்ணாம்புக்கல் கிடக்கிற சீமையில், குழாய்த் தண்ணீரில் பாசியை வேகவைத்தால் வேறென்ன வரும்?

அந்தப் பாசிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் வைத்தது.

"மன்னிச்சுக்க" என்றார். எனக்கென்ன, பாசிதானே என்றேன்.

எனக்கென்னவா? ஊரு பூரா சொல்லித் தொலைச்சேனே — எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஸ்கூலுக்குப் போறது?

28 ஜூலை

போனேன். யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள்.

8 ஆகஸ்ட், ஞாயிறு

பெரம்பலூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பினோம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஹெச்.எம். ரத்தினம்மாள் டீச்சர், கூடவே அவர் சம்பந்தி வீட்டார்.

"சார், வேம்பு டீச்சர் பேர்ல செடி வந்துடுச்சா?"

நான் தரையைப் பார்த்தேன். பெயர் விஷயத்தில் இவர் யாரையும் விடமாட்டார். ஒரு கல்யாணத்தில், பிரியாணிக்குப் போடும் கல்பாசி பாசியே இல்லை என்று சமையல்காரரோடு சண்டைக்கே போனவர்.

"வந்துடுச்சுங்க. இவ பேருதான் வச்சிருக்கு" என்றார். லத்தீனில் முழுப் பெயரையும் சொன்னார். என் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது, நன்றாகவே இருந்தது. சம்பந்தியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், அரியலூர் வரைக்கும் வேர்த்துக்கொண்டே வந்தார்.