நிழல் தமிழ்நாட்டில் இருக்கிறது
மே 12, செவ்வாய்

பாலசமுத்திரத்தில் குழாய் பதிக்கிறோம்; நான் சூப்பர்வைசர். பள்ளம் ஆந்திராவில், நிழலுக்கு இருக்கும் ஒரே புளியமரம் சாலைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். ஆட்களின் போனை வைத்து அவர்களைக் கண்காணிக்கும் புதிய செயலி மதியம் ஓய்வுக்கு மணியடித்தது. எல்லோரும் மரத்தடிக்குப் போனார்கள். உடனே என் போனுக்குச் செய்தி வந்தது: வேலையிடத்தை விட்டு வெளியேறிவிட்டார்கள், திரும்பாவிட்டால் அரை நாள் கூலி வெட்டு.

செயலியில் வேலையிடத்தின் எல்லையை மாற்றக்கூடியவன் திருப்பதி ஆபீஸ் மேனேஜர். என்னிடம் தொழில் கற்று, எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன். அவனை நான் "சார்" என்று கூப்பிட்டுக் கெஞ்ச வேண்டும்.

"அவருக்கு ஒரு போன் போடு சார், எங்க கூலி போவுது," என்றாள் மேஸ்திரி கன்னியம்மா.

"முடியாது."

"அப்ப எங்க போனுங்கள வெச்சிக்கினு நீ இங்கயே குந்து. நாங்க நிழல்ல துன்னுட்டு வர்றோம்."

வெயிலில், மடி நிறையப் போன்களோடு உட்கார்ந்திருந்தேன். மரத்தடியில் ஒரே சிரிப்பு. நேரம் முடிந்ததும் ஒவ்வொரு போனும் "நன்றாக ஓய்வெடுத்தீர்களா?" என்று கேட்டது. எல்லாவற்றிலும் "ஆம்" என்று அழுத்தினேன்.

கூலி தப்பியது. மண்டை இன்னும் பிளக்கிறது. நாளைக்குக் குடை கொண்டுபோவேனே தவிர, அவனுக்குப் போன் செய்ய மாட்டேன்.