உன் குரலில் ஓடிய போலந்துப் படம்

உறையைத் திறந்ததும் மார்க்கர் மை வாசனை. சிடியின் மேல் உன் கையெழுத்து: ‘ரஷ்யப் படம். வாடகைக்கு இல்லை.’ இன்று மதியம் உன் அம்மா இதை என் கையில் கொடுத்தார்.

அது ரஷ்யப் படம் இல்லை. லான்மடா தெருவில் உன் மாமாவின் சிடி கடைக்கு வந்த கப்பல்கார அண்ணன் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இது போலந்து பாஷை, தங்கச்சி. அந்த ஊர்த் துறைமுகத்துல மூணு மாசம் கிடந்திருக்கேன்.” நீ விட்டுக்கொடுக்கவில்லை. “படம் பூரா பழுப்பு. ஒருத்தரும் சிரிக்கல. ரஷ்யாதான்.”

சப்டைட்டில் இல்லாததால் யாரும் எடுக்கவில்லை. நீ வீட்டுக்குக் கொண்டுவந்தாய். ஞாயிறு கோயில் முடிந்து வந்ததும் போடுவாய். முன்னறையில் நானும் உன் அம்மாவும். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், பக்கவாதத்தில் பேச்சு போய்ப் படுத்திருந்த உன் அப்பா.

எல்லாக் குரலும் நீதான். தலையில் கவசம் மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் மட்டும் இருக்கும், இல்லாத ஒரு நகரத்துக்குள் நடக்கும் பெண். அதே நகரத்துக்குள் போய் எழுந்திருக்காத அவள் தம்பி. அவன் உடம்பு இரும்புக் கட்டிலில். அந்தக் காட்சியில் மட்டும் உன் குரல் உயரும். “பயப்படாதீங்க. அவன் அங்க ஊர் சுத்திட்டு இருக்கான். சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவான்.”

“அந்த வெள்ளைக்காரி இப்படியா சொன்னா?”

“உதட்டைப் பாருங்கம்மா. சாப்பாடுன்னுதான் அசையுது.”

நடுவில் மீ போகும். கரண்டுக்கு நம் தெருவில் அந்தப் பர்மியச் சொல்தான். திரை கறுப்பாகும். நீ நிறுத்தமாட்டாய். மீ வரும்போது உன் கதையில் தம்பி எழுந்து, குளித்து, டீக்கடையில் உட்கார்ந்திருப்பான்.

பிறகு எனக்கு சப்டைட்டில் போட்ட பிரதி கிடைத்தது. பல்கலைக்கழகத் தோழி ஒருத்தியிடம். கடைசிவரை பார்த்தேன். படித்தவளின் திமிரோடு ஓடி வந்தேன்.

“நீ சொன்னதெல்லாம் தப்புடி. தம்பி எழுந்திருக்கவே மாட்டான். அவ கவசத்தைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுறா.”

முன்னறையில் நின்று, சாதாரணக் குரலில் சொன்னேன். நீ என்னைப் பார்க்கவில்லை. திரைச்சீலையைப் பார்த்தாய். பிறகு படிக்கட்டுக்கு இழுத்துப் போனாய்.

“எனக்குத் தெரியாதா? அவன் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே. அதுக்கெதுக்கு சப்டைட்டில்?” கொஞ்சம் கழித்து, “ரெண்டு வருஷமா வாராவாரம் அப்பாவுக்காக எழுப்பிட்டு இருந்தேன்டி. நீ இன்னைக்குக் கொன்னுட்டே.”

அடுத்த ஞாயிறு என்னையும் கூப்பிட்டாய். படம் தொடங்குமுன் ஓர் அறிவிப்பு. “போன வாரம் ஒரு படிச்ச பொண்ணு தப்பாச் சொல்லிடுச்சு. மன்னிச்சுக்குங்க.” திரைச்சீலைக்குப் பின்னால் தொண்டையில் ஒரு சத்தம். சிரிப்பு என்றாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீ சொன்னதால் ஒப்புக்கொண்டேன்.

இந்த மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல். ஐந்தே நாள்.

“அவர்கிட்ட இன்னும் சொல்லலம்மா,” என்றார் உன் அம்மா, இன்று மதியம் உறையை நீட்டியபோது. “மாமா கூட வெளியூர் போயிருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஆனா திரைச்சீலையையே பார்த்துட்டு இருக்காரு. நீயாவது போட்டுக் காட்டேன்.”

போட்டேன். அம்மா திரைச்சீலையை விலக்கிவிட்டார். எனக்குக் குரல் மாற்றத் தெரியாது. எல்லாரும் என் குரலிலேயே பேசினார்கள், பாடம் வாசிப்பதுபோல. அப்பாவின் கண் படத்தில் இல்லை. என் மேல் இருந்தது. தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன். தெரியாமலும் இருக்கலாம்.

இரும்புக் கட்டில் வந்தது. மீ போனது.

கறுப்புத் திரை. மூவரும் மூச்சுவிடும் சத்தம். உன் வரி என் நாக்கில் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று ஒரு கணம். பிறகு சொன்னேன்.

“பயப்படாதீங்க. ஊர் சுத்திட்டு இருக்கா. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவா.”

‘அவன்’ என்று சொல்ல மறந்துவிட்டேன்.

அப்பாவின் தொண்டையில் அதே சத்தம். சிரிப்பென்றே எடுத்துக்கொண்டேன். உன்னிடமிருந்து நான் கற்றுவைத்திருப்பது அது ஒன்றுதான்.

மீ வந்தது. படம் முதலிலிருந்து தொடங்கியது. நானும் தொடங்கினேன்.