சிந்து எழுதிய அளவீடுகள்

பிப்ரவரி 11, செவ்வாய்

செய்முறைத் தேர்வு முடிந்தது. காந்தமானிச் சோதனை வந்தது. காந்தத்தை அளவுகோலில் வைத்து, நடுப்பெட்டியில் முள் எத்தனை டிகிரி திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் கிழக்கே, பிறகு மேற்கே. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். எங்கள் வகுப்பில் யாரும் முள்ளைப் பார்ப்பதில்லை. சீனியர் ரெக்கார்டில் உள்ள எண்களை மனப்பாடம் செய்து, நம்பும்படி அரை டிகிரி அப்படி இப்படி மாற்றி எழுதுவோம். நானும்தான்.

சிந்து மட்டும் பார்த்து எழுதினாள். கிழக்கே நாற்பத்தொன்று, மேற்கே ஐம்பத்திரண்டு. வைரவன் சார் அவள் தாளை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "என்னம்மா இது, மீன் மார்க்கெட்டா? வாய்க்கு வந்த ரேட் சொல்றதுக்கு?"

அவள் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பது அவருக்குத் தெரியும். சிலர் சிரித்தார்கள்.

"கண்ணால பாத்ததத்தான் சார் எழுதினேன்."

ஃபெயில். நான் அடுத்த மேசையில் நின்றிருந்தேன்.

பிப்ரவரி 12

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். ஆய்வுக்கூட உதவியாளர் தேவானை அக்கா, வாசலில் கூடை வைத்து எல்லோரிடமும் போன் வாங்கினார். நான் கொடுக்கவில்லை. சூத்திரங்களைப் படம் எடுத்து வைத்திருந்தேன். சிந்து முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு சாரிடம் கையெழுத்து வாங்கப் போன நேரம், சார் என் பக்கம் திரும்பினார். பயத்தில் கைக்கு எட்டிய டிராயரில் போனைத் தள்ளினேன். அவள் மேசை டிராயர். சரியாகப் பெட்டிக்கு அடியில்.

என் போன் உறை காந்தத்தால் மூடுவது.

காந்தமானிக்கு அடியில் காந்தம். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேனாம்.

அவள் எழுதியது தப்பே இல்லை. அந்த அறையில் உண்மையை எழுதிய ஒரே தாள் அது.

பிப்ரவரி 14

சிந்து வரவில்லை.

பிப்ரவரி 17

வரவில்லை. வருகைப் பதிவில் அவள் பெயர் வரும்போது தலையைக் குனிந்துகொள்கிறேன். பள்ளிவாசலில் கை கால் கழுவும்போது, குழாய்ச் சத்தத்துக்குள் அதே குரல். கண்ணால பாத்ததத்தான் சார். பக்கத்தில் யாரும் இல்லை. போனைத் தொடவே கூசுகிறது. உறையைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். அதனால் என்ன ஆகிவிடும்?

பிப்ரவரி 19

குவாண்டம் முதல் வகுப்பு. வெள்ளி அணுக்களைக் காந்தங்களுக்கு நடுவே அனுப்பினால், திரையில் ஒரே பட்டையாகப் பரவி விழும் என்று நினைத்தார்களாம். இரண்டு இடத்தில் மட்டும் விழுந்தது. மேலே, அல்லது கீழே. "நடுவுல ஒண்ணுமே கிடையாது" என்றார் வைரவன் சார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். என் கை ஓடவில்லை. நான் எட்டு நாளாக நடுவில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 24

தேவானை அக்காவும் பட்டினப்பாக்கம்தான். அவரிடம் விசாரித்தேன். செய்முறையில் தேறாதவர் ஏப்ரல் தேர்வு எழுத முடியாது. படித்தது போதும் என்று சிந்துவின் அண்ணன் சொல்லிவிட்டானாம். "தி.நகர்ல பொடவக் கடைக்குப் போய்க்கினு கீது. நீ எதுக்கு நைனா கேக்குற?"

சும்மாதான் அக்கா என்றேன். சும்மா!

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. நாக்கு வறண்டு தி.நகர் கூட்டத்தில் அலைந்து கடையைக் கண்டுபிடித்தேன். மூன்றாவது மாடி. சீருடைப் புடவையில் நின்றிருந்தாள். ஒரு அம்மாள் கேட்கக் கேட்கப் பிரித்துக் காட்டி, வேண்டாம் என்றதும் மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நகர்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். கையெழுத்து வாங்கிக்கினு திரும்பசொல்ல நீ உள்ள வெச்சத பாத்தேன். சார் கத்துனப்பதான் மேட்டர் புரிஞ்சிது."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன். என்ன ஒரு கேள்வி. அதைக் கேட்ட என் வாயை—

"என் டிராயர்ல கீற போனு, நதீம். உன்னுதுன்னு சொன்னா எவன் நம்புவான்? திருட்டுப் பட்டம் வேற கட்டுவானுங்க." இன்னொரு புடவையை எடுத்தாள். "நீ வாயத் தொறப்பேன்னு உன்னியே பாத்துக்கினு இருந்தேன்."

மேற்பார்வையாளர் வந்து, தம்பி வாங்குறீங்களா இல்லையா என்றார். கீழே இறங்கிவிட்டேன்.

மார்ச் 3

வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சாதியைப் பற்றி, கழிப்பறையைப் பற்றி, கட்டணத்தைப் பற்றி நான் பக்கம் பக்கமாகக் கத்தியிருக்கிறேன். இன்று எல்லாவற்றையும் வரிசையாகப் படித்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் எனக்குச் செலவு இல்லை.

மார்ச் 6

போனை வைத்தது நான்தான் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். வைரவன் சார் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். மீன் மார்க்கெட் குரல் இல்லை, அக்கறைக் குரல். "உனக்கெதுக்குப்பா இது? கிழிச்சிடறேன். போய்ப் படி." சிந்து வீட்டிலிருந்து யாரும் வந்து கேட்கப்போவதில்லை என்றும் சொன்னார். அதுதான் என்னைக் கிளப்பியது. இன்னொரு பிரதி எழுதி முதல்வர் அறையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினேன்.

மார்ச் 17

முடிவு வந்தது. தேர்வறையில் போன் வைத்திருந்ததற்காக இந்த ஆண்டுத் தேர்வுகள் முழுவதும் எனக்கு ரத்து. சிந்துவுக்கு 26ஆம் தேதி மறுதேர்வு. அம்மா ஒன்றும் கேட்காமல் நோன்புக் கஞ்சியை என் முன்னால் வைத்தாள். கேட்டிருக்கலாம்.

மார்ச் 26, புதன்

என்னை உள்ளே விடமாட்டார்கள். கல்லூரி கேட்டுக்கு வெளியே நின்றேன். பன்னிரண்டரைக்கு வந்தாள், கடைச் சீருடையிலேயே. அரை நாள் பர்மிஷனாம், ஒரு மணிக்குள் திரும்ப வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் நடையை மட்டும் குறைத்தாள். என்ன ஆயிற்று என்றேன்.

"பாஸ். நல்லா செஞ்சிருக்கம்மான்னு சார் சொன்னாரு."

நாற்பது நாளில் முதல் முறையாக நெஞ்சுப் பாரம் இறங்கியது. முள் ஒழுங்காக நின்றதா, இரண்டு பக்கமும் எவ்வளவு வந்தது என்று ஆசையாகக் கேட்டேன்.

"பாக்கல" என்றாள். "சீனியர் ரெக்கார்ட மனப்பாடம் பண்ணிக்கினு போனேன்."

ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.